சிவப்பு மையில் அடிபட்ட ‘ஆம்’

மூன்று மாதமாக என் மேசை இழுப்பறையில் ஒரு விடைத்தாள் கிடக்கிறது. எட்டு வயதுச் சிறுமி எழுதியது. வரி ஒவ்வொன்றும் மேல்நோக்கி ஏறி, ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு, கடைசி இரண்டு எழுத்துக்கு இடமில்லாமல் நசுங்கி நிற்கும். பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சி. பத்தியை எழுதியது நான். முதல் கேள்வி: ‘வெசுவியஸ் எரிமலை எப்போது வெடித்தது? முழு வாக்கியத்தில் எழுதுக.’ அவள் விடை: ‘வெசுவியஸ் எரிமலை கி.பி. 79ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் வெடித்ததாம்.’ அந்தத் ‘தாம்’ மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் ‘து’.

ஐந்து கேள்வி, ஐந்து விடை, ஐந்திலும் ‘ஆம்’. நகரம் சாம்பலில் புதைந்ததாம். பிளினி என்ற இளைஞர் அதைத் தூரத்திலிருந்து பார்த்தாராம். ஐந்தையும் அடித்தேன். விவரம் எல்லாம் சரியாக இருந்ததால் மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. கீழே மட்டும் ‘கதை சொல்வதுபோல் எழுதக் கூடாது’ என்று ஒரு குறிப்பு. தாளைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், “ஏம்மா எல்லாத்துலயும் ஆம் போட்டிருக்கே?” என்று. “நான் பாக்கலையே டீச்சர்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நானுந்தான் பாக்கல, அதுக்காக?” என்றேன். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் ரப்பரை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த பென்சில் எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அவள் தாளில் ஒரு ‘ஆம்’கூட இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. திருத்தம் நன்றாக வேலை செய்துவிட்டது. என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

வார இறுதியில் நடக்கும் சின்ன வாசிப்பு வகுப்பு எங்களுடையது. ஏழு வயதிலிருந்து ஒன்பது வரை பதினோரு பேர். வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சிகளுக்கு வழக்கமாக வரும் பத்திகள் எல்லாருக்கும் தெரிந்தவை: நேர்மையான விறகுவெட்டி, சோம்பேறி வெட்டுக்கிளி, சுத்தம் பற்றி நாலு வரி. அதே பயிற்சியை வரலாற்றை வைத்துச் செய்தால் மொழியும் வரும், நாலு விஷயமும் தெரியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், 1969-இல் நிலவில் கால் வைத்தது, வெசுவியஸ் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் பொம்பேய் என்று ஒவ்வொரு வாரமும் எண்பது தொண்ணூறு சொல்லில் ஒரு பத்தி. கீழே யார், எப்போது, எங்கே, எதனால். குழந்தைகள் சரசரவென்று எழுதித் தள்ளுவார்கள். பெற்றோருக்கும் திருப்தி; பையைத் திறந்தால் பொம்பேய் பற்றிய தாள், அதில் ஐந்துக்கு ஐந்து. ஒரு வருடம் இப்படியே ஓடியது. அந்த ஒரு வருடத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24

சிவப்புக் கோடு போட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அடுத்த பத்திக்காகப் பொம்பேய் பற்றித் துழாவிக்கொண்டிருந்தபோது, 2018-இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த கரிக்கட்டி எழுத்தைப் பற்றிப் படித்தேன். யாரோ கரித்துண்டால் கிறுக்கிய ஒரு வரி. அதில் ஒரு தேதி: நவம்பர் முதல் நாளுக்கு 16 நாள் முன்பு என்று ரோமானியக் கணக்கில். நம் கணக்கில் அக்டோபர் 17. ஆண்டு இல்லை. வேலை நடந்துகொண்டிருந்த வீடு அது. கரியெழுத்து கை பட்டாலே அழிந்துவிடும், ரொம்ப நாள் தாங்காது, ஆகவே எரிமலை வெடித்த அதே ஆண்டில்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். அப்படியானால் ஆகஸ்டில் புதைந்துபோன நகரத்தில் அக்டோபரில் யார் சுவரில் எழுதியது?

சந்தேகம் புதிதும் இல்லை. மாதுளை போன்ற இலையுதிர் காலப் பழங்களின் மிச்சமும், குளிர் காய்கிற கணப்புச் சட்டிகளும் இடிபாடுகளில் கிடைத்ததை வைத்து, ஆகஸ்ட் வெயிலுக்கு இதெல்லாம் பொருந்தவில்லையே என்று முன்பே கேட்டிருக்கிறார்கள். சரி, ஆகஸ்ட் 24 எங்கிருந்துதான் வந்தது? பிளினி எழுதிய கடிதத்திலிருந்து. அந்தக் கடிதத்தின் மூலப்படி இப்போது இல்லை. இடைக்காலத்தில் கையால் பார்த்துப் பார்த்து எழுதிய படிகள்தான் இருக்கின்றன. படிக்குப் படி அந்தத் தேதி ஒரே மாதிரியும் இல்லை. ஆகஸ்ட் என்பவர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, கரியெழுத்து நினைத்ததைவிட நீண்ட நாள் தாங்கும் என்று பதில் சொல்கிறார்கள். வழக்கு முடியவில்லை.

இரவு வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேதி தப்பாக இருக்கலாம் என்பதல்ல என்னை உறுத்தியது. தப்பான தேதி எல்லாருக்கும் வரும். அடுத்த வாரம் “ஒரு சின்னத் திருத்தம்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பதினோரு தாள்களில் பத்து பேர் ‘ஆகஸ்ட் 24ஆம் நாள் வெடித்தது’ என்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ‘வெடித்ததாம்’ என்று எழுதியிருந்தாள். அந்தப் பதினோரு வாக்கியங்களில் இன்றைக்கு எந்தத் தொல்லியலாளரிடம் காட்டினாலும் தலையாட்டக்கூடிய வாக்கியம் அது ஒன்றுதான். நான் அதைத்தான் அடித்திருந்தேன்.

அவளை மேதையாக்க நான் வரவில்லை. வீட்டில் யாராவது பெரியவர்கள் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று கதை சொல்லிக் கேட்ட பழக்கத்தில் எழுதியிருக்கலாம். ராஜா, எரிமலை, தூர தேசம் எல்லாம் அவளுக்கு ஒரே அலமாரியாக இருந்திருக்கலாம். ஆனால் ‘நான் பாக்கலையே’ என்று சொன்னாளே, அதை என்ன செய்வது?

மிலுவர்கள்

ஒரு சந்தேகம் வந்தால் அதோடு நிற்பதில்லை. மற்ற பத்துப் பேரும் என் பத்திகளிலிருந்து என்னதான் புரிந்துகொண்டார்கள் என்று பார்க்க, அடுத்த வகுப்பில் அர்த்தமே இல்லாத ஒரு வரியைப் பலகையில் எழுதினேன். ‘மிலுவர்கள் தொப்பாவில் கிறுமியை நசுட்டால் குரசினார்கள்.’ கீழே நாலு கேள்வி. கிறுமியைக் குரசியவர்கள் யார்? எங்கே குரசினார்கள்? எதைக் குரசினார்கள்? எதனால் குரசினார்கள்? பதினோரு பேரும் நாலுக்கு நாலு. முழு வாக்கியத்தில் வேறு. எல்லாம் எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகுதான் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே, “மிலுவர்கள்னா யாரு டீச்சர்?” என்று கேட்டான்.

தமிழில் இந்த விஷயம் இன்னும் மோசம். வேற்றுமை உருபு விடையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறது. ‘எதை’ என்று கேட்டால் ‘ஐ’யில் முடியும் சொல்லைத் தேடு. ‘எங்கே’ என்றால் ‘இல்’. ‘எதனால்’ என்றால் ‘ஆல்’. பத்தியில் அது எந்த வரியில் இருக்கிறது என்று விரலை ஓட்டிக் கண்டுபிடித்தால் போதும். வெசுவியஸ் இருந்த இடத்தில் தொப்பாவை வைத்தாலும் மதிப்பெண் மாறாது. ஒரு வருடமாக நான் வரலாறு சொல்லிக்கொடுத்ததாக நினைத்ததில் பாதி, உருபு தேடும் விளையாட்டு. ‘எதற்காகக் குரசினார்கள்?’ என்று ஐந்தாவதாக ஒரு கேள்வியை எழுதினேன். வகுப்பு கப்சிப்.

காலமும் அப்படித்தான். நேற்று பிறந்தநாள் விழாவில் பலூன் ‘வெடித்தது’, 1,900 வருடத்துக்கும் முன்னால் மலை ‘வெடித்தது’. நம் வினைச்சொல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். “அது செய்தில வந்துச்சா டீச்சர்?” என்று ஒருவன் ஒருமுறை கேட்டதற்கு இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று இப்போது தோன்றுகிறது.

வாசிப்பு என்பது தனியாகப் பழகி எதன்மேலும் பிரயோகிக்கக்கூடிய திறமை என்று நினைத்துக்கொள்வதால் வருகிற வினை இது. 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை இந்தத் துறையில் பிரபலம். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்க வைத்து, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் நன்றாகத் தெரிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். வெறும் கையால் முழம் போட முடியாது, அவ்வளவுதான் சங்கதி. எரிமலை என்றால் என்ன, ரோமானியர்கள் எப்படிப்பட்ட ஊரில் இருந்தார்கள் என்று எதுவும் தெரியாத குழந்தையிடம் எண்பது சொல்லை நீட்டிவிட்டு ‘புரிந்துகொள்’ என்றால் அது உருபைத்தான் தேடும். அதன் மேல் என்ன தப்பு?

மாமா கொடுத்த வீட்டுப்பாடம்

எது புரிய வேண்டும் என்று யோசித்தபோது பிளினியின் கடிதங்களுக்கே திரும்பினேன். என் பத்தியில் அவர் ஒரு வரி; ‘பிளினி என்ற இளைஞர் தூரத்திலிருந்து பார்த்தார்’. கடிதங்களில் அவர் ஒரு பையன். பதினேழு வயது. வளைகுடாவுக்கு அக்கரையில், மிசேனம் என்ற ஊரில் அம்மாவோடும் தாய்மாமனோடும் இருக்கிறான். தாய்மாமன் அங்கிருந்த கடற்படைக்குத் தலைவர். (லத்தீனில் தாய்மாமனுக்கு ஒரு சொல், அப்பாவின் சகோதரனுக்கு வேறொரு சொல். தமிழ்க் குழந்தைக்கு இதை விளக்க ஒரு நொடிகூட ஆகாது. மாமா என்றதும் உறவு பிடிபட்டுவிடுகிறது.) மலைமேல் பைன் மரம்போல மேகம் எழுகிறது: அடிமரம் நெட்டாக மேலே போய், உச்சியில் குடைபோல் விரிகிறது. மாமா படகை எடுக்கச் சொல்லிவிட்டு, “நீயும் வர்றியா?” என்று கேட்கிறார். பையன், நான் படிக்க வேண்டும் என்கிறான். எழுதச் சொல்லி ஒரு வேலையை மாமாவே கொடுத்திருந்தார். மாமா போனார், திரும்பவில்லை. வீட்டுப்பாடம் ஒருவன் உயிரைக் காப்பாற்றியதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் உதாரணம்.

அதைவிட வேடிக்கை அடுத்த கடிதத்தில். தரை குலுங்கிக்கொண்டிருக்கிறது, முற்றத்தில் அம்மாவும் மகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் லிவி என்ற வரலாற்றாசிரியரின் நூலைக் கொண்டுவரச் சொல்லிப் படித்து, அதிலிருந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறான். கண்ணெதிரே வரலாறு நடந்துகொண்டிருக்கும்போது பழைய வரலாற்றிலிருந்து பத்தி எடுத்து எழுதுகிறான்! என் வகுப்பில் முதல் வரிசைதான் இவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை உட்கார வைத்தது முதல் கடிதத்தின் கடைசிப் பகுதி. டாசிட்டஸ் என்ற வரலாற்றாசிரியர் கேட்டுக்கொண்டதால், சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு பிளினி அதை எழுதுகிறார். மாமா எப்படி இறந்தார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிக்கும்போது ஒரு விஷயத்தைப் பதிவு செய்கிறார்: நான் நேரில் இருந்து கண்டதையும், நினைவு பிசகாமல் இருக்கும் அந்தச் சமயத்திலேயே உடனடியாகக் கேட்டறிந்ததையும் சொல்லியிருக்கிறேன் என்று. கண்டது வேறு, கேட்டது வேறு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மாமா இறந்த கடற்கரையில் அவர் இல்லை. பிளினி தமிழில் எழுதியிருந்தால் மேகம் ‘எழுந்தது’ என்றும், மாமா ‘இறந்தாராம்’ என்றும்தான் எழுதியிருப்பார். எட்டு வயதுக்காரி அவரைவிட ஒரு படி மேலே போய், பிளினி பார்த்ததற்கே ஒரு ‘ஆம்’ போட்டிருக்கிறாள். அவள் பிளினியையும் பார்க்கவில்லையே.

‘ஆம்’ ஏன் நமக்கு இவ்வளவு இளக்காரமாகப் போயிற்று? பேச்சில் அதற்குக் கேலியும் உண்டு என்பதால் இருக்கலாம். ‘பெரிய மகாராஜாவாம்’ என்றால் ராஜா இல்லை என்றுதானே பொருள். அதனால் ஏட்டில் அதைச் சேர்ப்பதில்லை. பதிலுக்கு என்ன சேர்க்கிறோம்? ‘என்பர்’, ‘என்று கூறப்படுகிறது’, ‘என நம்பப்படுகிறது’. இந்தக் ‘கூறப்படுகிறது’ மேல் எனக்கு இப்போது தீராத எரிச்சல். யார் கூறுகிறார் என்பதை அது அப்படியே விழுங்கிவிடுகிறது. ‘ஆம்’ காதில் விழுந்ததும் “யாரு சொன்னா?” என்று கேட்கத் தோன்றும். ‘கூறப்படுகிறது’ என்று கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு எழுதிக்கொள்ளத்தான் தோன்றும். குழந்தைகள் பள்ளிக்கு வரும்போதே வெடித்தது, வெடித்ததாம், வெடித்திருக்கும், வெடித்திருக்கலாம் என்ற நாலையும் வேறுபாடு தெரிந்து பேசுகிறார்கள். “அப்பா வந்துட்டார்” என்பதற்கும் வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு “அப்பா வந்திருப்பார்” என்பதற்கும் உள்ள தூரம் ஐந்து வயதிலேயே தெரியும். நாம்தான் நாலையும் வெட்டி ‘து’ ஆக்குகிறோம்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர். 1775-இல் அமெரிக்காவில் லெக்சிங்டன் என்ற இடத்தில் நடந்த மோதல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றாசிரியர்களிடமும் எட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, மனசுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார். 1991-இல் வெளியானது. மாணவர்கள் நன்றாகப் படிக்கிறவர்கள். முதல் சொல்லில் ஆரம்பித்துக் கடைசிச் சொல்லில் முடித்தார்கள். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் போனது எழுதியவர் யார், எப்போது என்ற வரிக்கு. அவர்களில் அமெரிக்க வரலாற்றை ஆராயாதவர்களும் இருந்தார்கள். இருந்தும் வாசித்த விதம் ஒன்றாகவே இருந்தது. எதை நம்பலாம் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது பாடநூல் பகுதியை மாணவர்கள் மேலே தூக்கி வைத்தார்கள், வரலாற்றாசிரியர்கள் கீழே தள்ளினார்கள். என் பத்திகளில் எழுதியவர் பெயர் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. வானத்திலிருந்து விழுந்த மாதிரி வரும்.

வால் ஒட்டுகிற விளையாட்டு

அதற்காக ஏழு வயதுக் குழந்தையிடம் நாலு ஆவணத்தைக் கொடுத்து ஒப்பிடச் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் ஒருவன் தாளில் ராக்கெட் செய்துவிட்டான். பிறகு வேறு மாதிரி செய்தோம். பொம்பேய்க்கே திரும்பினோம். இரண்டு வாரம் தாள் எதுவும் கிடையாது. கதை, படம், பேச்சு. சாம்பல் இறுகிய பிறகு உள்ளே உடல்கள் மக்கிப் போய் வெற்றிடம் மட்டும் மிஞ்சியதையும், 1863-இல் ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் அந்த வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி உருவங்களை எடுத்ததையும் சொன்னேன். மண்ணைக் குழைத்து நாங்களே ஒரு டப்பாவில் செய்தும் பார்த்தோம், பாதி கைவிரல் வந்தது. மூன்றாவது வாரம் வாக்கியங்களை வெட்டிக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் கடைசி எழுத்துகள் இல்லை. தனி அட்டைகளில் ‘தது’ (சுருக்கமாக ‘து’), ‘ததாம்’ (சுருக்கமாக ‘தாம்’), ‘திருக்கும்’, ‘திருக்கலாம்’. குழந்தைகள் அவற்றை வால் என்று பெயரிட்டுவிட்டார்கள்.

‘நாயின் கழுத்தில் பட்டை இருந்…’ என்ற வாக்கியத்துக்கு ‘து’ வால் என்பதில் சண்டையே இல்லை. சாந்து வார்ப்பின் படத்திலேயே பட்டை தெரிகிறது. நாய் முதுகை வளைத்துக் கால்களைத் தூக்கியபடி கிடக்கிறது. அடுத்தது, ‘நாயின் சொந்தக்காரர் அதை அவிழ்த்துவிட மறந்…’. இதற்கு ஒரு மணி நேரம் போயிற்று. ஒருவன் ‘து’ வாலை எடுத்து மறந்ததுதான் என்று ஒட்டப் போனான். “மறந்தார் இல்ல, விட்டுட்டு ஓடிட்டார்” என்றாள் ஒருத்தி. “நம்ம நாயை எப்படி மறப்போம்?” என்று இன்னொருத்தி கண் கலங்கினாள். கடைசியில், எப்போதும் பேசாத ஒரு பையன் தலையைத் தூக்காமலே, “அவிழ்க்க வந்தப்ப அவரே செத்துப் போயிருக்கலாம்ல” என்றான். யாரும் பேசவில்லை. அப்புறம் ‘திருக்கலாம்’ அட்டையை அவர்களே எடுத்து ஒட்டினார்கள். ‘ஏன்?’ என்ற கேள்விக்குப் பத்தியில் விடை இல்லாதபோதும் அதைப் பற்றிப் பேச முடியும் என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும்தான்.

இன்னொரு படம் இருந்தது. பெரியவர் ஒருவர் குழந்தையோடு இருக்கும் வார்ப்பு. பெரியவர் கையில் தங்கக் காப்பு. பழைய தாளில் அதற்குக் கீழே ‘தாயும் சேயும்’ என்று நானே எழுதியிருந்தேன். பல காலமாக எல்லாரும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வில் அந்தப் பெரியவர் ஆண் என்றும், குழந்தைக்கு ரத்த உறவே இல்லை என்றும் தெரியவந்தது. ‘தாய்’ என்ற சொல்லுக்கு வால் ஒட்ட இடமில்லை. அதை அடித்துவிட்டு ‘ஒருவர்’ என்று எழுதினேன், அதே சிவப்புப் பேனாவால்.

இதில் ஒரு ஆபத்து உண்டு, வந்தும் விட்டது. “அப்ப எரிமலை வெடிச்சதே சும்மாவா?” என்று ராக்கெட்காரன் கேட்டான். கேட்ட விதத்தில் ஏமாற்றமும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுவிட்டு எதையும் தெரிந்துகொள்ளாமல் தப்பிக்கும் வழி அது. பெரியவர்களில் நிறையப் பேர் அந்த வழியாகப் போவதைத்தான் தினமும் பார்க்கிறோமே. அவனைச் சுவர் ஓரம் நிற்க வைத்தேன். நகரத்தை மூடியிருந்த சாம்பலும் நுரைக்கல்லும் 4 முதல் 6 மீட்டர் ஆழம். அவன் தலைக்கு மேலே, என் தலைக்கு மேலே, கூரைக்கும் மேலே. “இதைத் தோண்டி எடுத்திருக்காங்க. இன்னும் தோண்டிக்கிட்டிருக்காங்க. இதுக்கு எந்த வால்?” என்றேன். கூரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். “து” என்றான். “தேதிக்கு?” “தாம்.”

அவள் மட்டும் வால் விளையாட்டில் கூடப் பெரிதாகக் கலந்துகொள்ளவில்லை. ‘து’ அட்டைகளையே எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய தாளை அவளிடம் கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான். “நான் அடிச்சது தப்பும்மா, நீ எழுதினதுதான் சரி” என்றேன். “சரி டீச்சர்” என்றாள், வகுப்பில் எது சொன்னாலும் சொல்வதுபோல. இவ்வளவு நாள் கழித்து எதற்கு இதைப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். சிவப்பு மையை ரப்பர் அழிக்காது.

போன வாரம் பத்தியே இல்லாத ஒரு தாள் கொடுத்தேன். ரஷ்யாவில் நோவ்கொரோத் என்ற ஊரில், 13ஆம் நூற்றாண்டில், ஒன்ஃபீம் என்ற சிறுவன் பிர்ச் மரப்பட்டையில் கீறிய கிறுக்கல்களின் படம். நம் ஓலையில் எழுத்தாணி போலத்தான், அங்கே பட்டையில். அகரவரிசை எழுத ஆரம்பித்துப் பாதியில் அலுத்துப் போய், குதிரைமேல் ஒரு வீரனை வரைந்து, கீழே கிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்தவிட்டு, பக்கத்தில் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறான். இன்னொரு பட்டையில் வாலும் காதுமாக ஒரு பிராணி, ‘நான் ஒரு காட்டு விலங்கு’ என்று. இவை 1956-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. பையனுக்கு ஆறேழு வயது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வகுப்பு முழுக்க ஒரே கூச்சல், இவன் நம்மாளு என்று. விரல் எண்ணிக்கை கைக்குக் கை மாறுவதை ராக்கெட்காரன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

கேள்வி இரண்டே இரண்டு. இதை வரைந்தது யார், எப்படித் தெரியும்? வரைந்தவருக்கு என்ன வயது, எப்படித் தெரியும்? அவள் தாளை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். வரிகள் வழக்கம்போல் மேலேறியிருந்தன. ‘ஒன்ஃபீம் வரைந்தான். அவனே பெயர் எழுதி இருக்கிறான்.’ அடுத்த வரியில் எதையோ எழுதி, அழித்து, தாள் மெலிந்துபோன இடத்தின்மேலேயே மறுபடி அழுத்தி எழுதியிருந்தாள்: ‘வயது ஏழாம்.’

ஏழு என்று சொல்கிறார்கள் என்கிறாளா, அல்லது ‘ஏழாம் வயது’ என்பதைத் திருப்பிப் போட்டுவிட்டாளா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். மறுநாள் வகுப்பில் கேட்டேன். என் கையில் பேனா இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள்.

“நீங்க சொன்னதுதானே டீச்சர்” என்றாள்.